வாலில்லாப் பறவை வரைந்த படம்

சென்ற தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயாப் பள்ளத்தாக்கின் மேல் வழக்கமாகக் கவிந்து கிடக்கும் மூடுபனி, அன்று என்னவோ மனமிரங்கி, காலை எட்டு மணிக்கெல்லாம் விலகிவிட்டது. கீழே காசல்றீ நீர்த்தேக்கம் அசைவற்றுக் கிடந்தது. தொலைவிலே சிவனொளிபாத மலையின் கூம்பு முடி தெரிந்தது. கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடந்த ஒரு தேயிலை மலையின் உச்சியில் நாங்கள் பதினைந்து பேர் கூடி நின்றோம்.

ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்த இளைஞன் ஒருவன், விரித்த இரு சிறகையே முழு உடலாகக் கொண்ட ஒரு சிறு விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான், நாலடி ஓடினான், காற்றை நோக்கி வீசினான். அது ஒரு முழம் கீழே இறங்கிற்று. எங்கள் நெஞ்சும் உடன் இறங்கிற்று. மறுகணம் அது நிமிர்ந்து, வண்டு போல் இரைந்துகொண்டு மேலே ஏறிப் போயிற்று. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"யாரு தம்பி ஓட்டுறது?" என்று கேட்டார், பக்கத்தில் நின்ற மூதாட்டி. நாற்பது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"யாரும் ஓட்டல்ல பாட்டி. அதுவே போகுது."

"அப்ப நம்ம லயம் எங்க இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னது?"

நாங்கள் சிரித்தோம். ஆயினும், அந்தக் கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. எங்கள் லயம் எங்கே இருக்கிறது என்று இதுவரை யார், யாருக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

இலங்கையில் நிலஅளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. காடு அழித்துக் கோப்பி நட்டவர்களும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின் அவர் வழியைப் பின்பற்றியவர்களும், அளவையாளரின் சங்கிலி போன வழியேதான் போனார்கள். அளப்பது அன்று ஆட்சியின் கண்ணாகவும் கையாகவும் இருந்தது. நான் கண்ட தோட்டப் படங்களில் ஒவ்வொரு மலைக்கும் எண் உண்டு. நட்ட ஆண்டு உண்டு. ஏக்கர்க் கணக்கு உண்டு. தொழிற்சாலை உண்டு, துரையின் பங்களா உண்டு. லயம் ஒரு கறுத்த கோடு. பத்துக்குப் பத்தடியாகப் பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயம் ஏறத்தாழ முப்பத்தாறு மீற்றர் நீளம் வரும். பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரையப்படும் படத்தில் அது நாலு மில்லிமீற்றர்கூட இல்லை. பன்னிரண்டு குடும்பங்களும் அந்த நாலு மில்லிமீற்றருக்குள்ளே அடங்கிவிடுகின்றன.

இதிலே எனக்குச் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. ஆசிரியப் பயிற்சிக்கு என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம், தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்து என் கைக்கு வந்தது. எங்கள் காம்பராவுக்கு இலக்கமில்லை; பாதைக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயரே எங்கள் எல்லோருக்கும் முகவரி. கடிதங்கள் எல்லாம் ஒரு மேசைக்கு வந்து, அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது போய்ச் சேரும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னை அடுத்த ஆண்டு மீண்டும் அழைத்தார்கள். ஆனால் படத்தில் இல்லாதவன் தபாலிலும் இல்லை என்பதை அந்த ஒன்பது நாள் எனக்குக் கற்பித்தது.

இளைஞனின் விமானத்துக்கு வருவோம். அதற்கு வால் கிடையாது. விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடாமலும், பக்கங்களில் அலையாமலும் நிறுத்துவது வாலின் வேலை. வாலையும் நடு உடலையும் நீக்கிவிட்டுச் சிறகை மட்டும் பறக்கவிட்டால் எடை குறையும். காற்றின் தடை குறையும். சிறிய பட்டரியில் நெடுநேரம் பறக்கலாம். ஆனால் நிலைகொள்ளாது. இயற்கை இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டது. ஜாவாத் தீவுக் காடுகளில் அல்சோமித்ரா என்றொரு கொடி இருக்கிறது. அதன் விதையின் இரு புறமும் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய சிறகு விரிந்திருக்கும். காய் வெடித்தால் விதை விழுவதில்லை, மிதந்து போகிறது. இகோ எட்ரிக் என்ற ஆஸ்திரிய நாட்டவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த விதையைப் பார்த்தே வாலில்லா மிதவை விமானம் ஒன்றைக் கட்டினார்.

அமெரிக்காவிலே ஜாக் நார்த்ரப் என்பவர் இந்த ஒரு கனவிலேயே மூழ்கிக் கிடந்தார். அவருடைய ஒய்பி-49 என்ற பெருஞ்சிறகு 1947இல் பறந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவ்வகை விமானம் ஒன்று விழுந்து ஐந்து பேர் மாண்டனர். திட்டம் கைவிடப்பட்டது. 1981இல் நார்த்ரப் காலமானார். 1989இல் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் பி-2 விமானம், அதே வாலில்லாத வடிவில் வானேறியது. இடையிலே வந்து சேர்ந்தது கணினி. மனிதனுடைய கை ஈடுகொடுக்க மாட்டாத ஆட்டத்தை அது நொடிக்குப் பல தடவை திருத்திக்கொண்டே இருந்தது. குண்டு போடப் பிறந்த அந்த அறிவு, இன்று தீப்பெட்டி அளவான ஒரு பலகையில் அடங்கி, லயத்துப் பிள்ளை ஒருவனின் உள்ளங்கையில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே ஒரு சிறகு விமானம் செய்தார்கள். ஈபீ என்று பெயர்; தேனீ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த சிறகு. எழுநூறு கிராம் அளவில் எடை. பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2014ஆம் ஆண்டளவில் அதனை வாங்கி இலங்கையின் வயல்களைப் படம் பிடிக்கத் தொடங்கியது. அதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் என் மாணவனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் அதன் விலையோ லயத்து வாசலுக்கு வரக் கூடியதன்று.

ஆகவே தானே செய்ய முற்பட்டான். ரெஜிபோம் எளிதில் உடைந்துவிடும் என்பதால், வளைந்தாலும் மீளக்கூடிய மெதுவான நுரைப்பலகையை எங்கிருந்தோ தேடிப் பிடித்தான். பட்டரியில் சூடேற்றிய கம்பியால் வெண்ணெயை அறுப்பது போல அதை அறுத்தான். உள்ளே கரிநார்க் கம்பி. பின்புறம் தள்ளுகிற மோட்டார். சிறகுகளின் பின்விளிம்பில் இரண்டு தகடுகள். இரண்டும் ஒருங்கே மேலெழுந்தால் மூக்கு நிமிரும். ஒன்று எழுந்து மற்றது தாழ்ந்தால் சிறகு சாய்ந்து திரும்பும். பழைய விமானத்தில் வாலும் சிறகும் பங்கிட்டுக்கொண்ட வேலை முழுவதையும் இந்த இரண்டு தகடுகளே செய்கின்றன.

வாலில்லாச் சிறகில் எடையின் மையம் ஒரு விரற்கடை பின்னால் போனாலும் ஆபத்து. அவனுக்கு அது தெரியும். தெரிந்தும், கமராவுக்கு இடம் வேண்டும் என்று பட்டரியைக் கொஞ்சம் பின்னே தள்ளி வைத்தான். முதல் தடவை எறிந்தபோது அது செங்குத்தாக நிமிர்ந்து, மல்லாந்து, குட்டிக்கரணம் போட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்துவிட்டது. செடி மெத்தையாகத் தாங்கியது. பறித்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு மலை முழுதும் கேட்டது. அவர்களில் அவன் தாயும் ஒருத்தி. "கொழுந்து எடுக்கவா அனுப்பிச்ச? அதுக்குக் கூடை கட்டி அனுப்பணும்டா" என்று அவள் சொன்னது இன்றும் எங்கள் பகுதியில் வழங்குகிறது.

இனித் தானோட்டி. விமானம் தன்னைத் தானே செலுத்துவது புதிய செய்தியன்று. 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகரில், சேன் நதியின் மேலே பறந்துகொண்டு, லாரன்ஸ் ஸ்பெரி என்ற இளைஞர் இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். சுழலிகளே விமானத்தை நேராக நிறுத்தின. இன்றைய பலகையில் சாய்வை அறியும் உணரி, வேக மாற்றத்தை அறியும் உணரி, காற்றழுத்தத்தால் உயரம் காணும் உணரி, திசைகாட்டி, செயற்கைக்கோள்களின் வானொலி அலை கேட்டுத் தன் இடத்தைக் கணிக்கும் கருவி ஆகிய யாவும் இருக்கின்றன. இவற்றை ஆளும் நிரலின் பெயர் ஆர்டுபைலட். 2009ஆம் ஆண்டு முதல் பல நாட்டு ஆர்வலர்கள் கூடி எழுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

கணித ஆசிரியன் என்ற முறையில் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நிரல் எப்படித் திருத்துகிறது என்று கேட்டேன். விலகல் இப்போது எவ்வளவு, அது இதுவரை எவ்வளவு சேர்ந்துவிட்டது, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று மூன்றையும் நிறுத்துப் பார்த்துத் தகட்டை அசைக்கிறது என்றான். "நீங்க படிப்பிச்சதுதான் சேர். தொகையீடும் வகையீடும்." முப்பது ஆண்டு அவ்விரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு என்றே பதில் சொன்னேன். அவை என் தலைக்கு மேலே பறப்பதை அன்றுதான் கண்டேன்.

சமவெளியில் படம் பிடிப்பது எளிது. ஒரே உயரத்தில், வயல் உழுகிறவன் போல், போய்த் திரும்பிப் போய்த் திரும்ப வேண்டியதுதான். மலைநாட்டில் அப்படிப் பறந்தால் எதிர்மலை வந்து மோதும். இதை எங்கள் பகுதிக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் விமானம், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துச் சப்தகன்னியர் மலையில் மோதிற்று. விமானத்தில் இருந்த 191 பேரும் மாண்டனர். விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்ற விமானிகளின் கணிப்புப் பிழைத்துவிட்டது. அந்த இரவைப் பற்றி எங்கள் முதியவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

நல்ல வேளையாக, மலைகளின் உயரம் இப்போது எல்லோருக்கும் பொதுவான செல்வமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடார் கொண்டு நிலத்தின் உயரங்களை அளந்தது. ஏறத்தாழ முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளியாக அந்தக் கணக்கு கிடைக்கிறது. அதைத் தானோட்டிக்கு ஊட்டினால், விமானம் மலையேறும்போது தானும் ஏறி, இறங்கும்போது தானும் இறங்கி, தரையிலிருந்து ஒரே உயரத்தைக் காத்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் பின் வளர்ந்த யூகலிப்டஸ் மரத்தை அந்தக் கணக்கு அறியாதல்லவா? மரங்களின் உயரத்தை நாங்களே குத்துமதிப்பாகக் கூட்டிக்கொண்டோம்.

அனுமதி பெறுவதில் கழிந்த காலத்தை விரிக்கப் போவதில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் நாட்டில் ஆளில்லா விமானங்கள் சிறிது காலம் அடியோடு நிறுத்தப்பட்டிருந்தன. இன்று உரியவர்களின் அனுமதியோடே பறக்கவிடலாம். பொறுமையும் படிவங்களும் இருந்தால் கிடைக்கும்.

விளையாட்டாகத் தொடங்கிய காரியம் 2025 நவம்பரில் விளையாட்டாக இல்லாமற் போயிற்று. டித்வா புயலின் மழையில் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்தது. எங்கள் லயத்தின் மேலே மலை சரியவில்லை. ஆனால் அந்த இரவுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலையில் போய்ப் படுத்தவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் மீரியபெத்த இருந்தது.

மீரியபெத்தவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இன்னொன்று என் நெஞ்சை அதைவிட உறுத்தியது. எத்தனை பேர் புதையுண்டார்கள் என்பது பல நாள் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண் பின்னர் குறைந்துகொண்டே வந்து, முப்பதுக்குச் சற்று மேலே நின்றது. ஒரு கிராமத்தில் எத்தனை வீடு, எந்த வாசலுக்குள் எத்தனை பேர் என்று தோண்டுகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு தாள் இருந்திருக்கலாம்.

எங்களுக்கு அந்தத் தாள் வேண்டும் என்று இளைஞன் சொன்னான். அதனால்தான் அந்தத் தை மாதத்துக் காலை.

தரையிலிருந்து நூற்றிருபது மீற்றர் உயரத்தில் பறந்தால், அவனுடைய கமராவின் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ நாலு சதமமீற்றருக்குச் சமம். ஒரு படத்தில் 4,000க்கு 3,000 புள்ளிகள். அதாவது 160 மீற்றர் அகலம், 120 மீற்றர் நீளமான நிலம். அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றையொன்று மூட வேண்டும். ஆகவே முப்பது மீற்றருக்கு ஒரு படம். விமானம் போகும் வேகத்தில் இரண்டு வினாடிக்கு ஒன்று. இத்தனை வீண்செலவு எதற்கு என்று கேட்டேன். "ஒரு கண்ண மூடிக்கிட்டு ஊசியில நூல் கோர்த்துப் பாருங்க சேர்" என்றான். ஒரே கல்லைப் பல கோணங்களிலிருந்து கண்டால்தான் அதன் உயரமும் ஆழமும் கணக்கில் வரும். தோட்டத்தின் அந்தப் பிரிவு முழுவதற்கும் சுமார் அறுநூறு படங்கள். அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல்.

இதற்கு முதல் நாளே பிள்ளைகள் ஒன்பது இடங்களில் சுண்ணாம்பினால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் இடத்தையும் இரவல் வாங்கிய ஒரு நுண்கருவியால் அளந்தோம். இந்தக் குறிகள் இல்லாவிட்டால் படம் அழகாக இருக்கும். ஆனால் நிலத்தில் உரிய இடத்தில் உட்காராது. அளக்கும்போது ஒரு சிறு பெருமையும் கொண்டோம். இலங்கையின் தேசிய வரைபடக் கட்டத்துக்கு மூலப்புள்ளி பிதுருதலாகல மலையிலே இருக்கிறது. யாழ்ப்பாணத்து வளவானாலும் காலித் துறைமுகமானாலும், தன் இடத்தைச் சொல்ல நுவரெலியா மாவட்டத்து மலை ஒன்றைத்தான் தொட்டுச் சொல்ல வேண்டும். அந்த மலையின் மாவட்டத்திலே பிறந்த எங்கள் காம்பராவுக்கு மட்டும் இலக்கமில்லை!

விமானம் திரும்பி வந்து தேயிலைச் செடிகளின் மேல் வயிற்றைத் தேய்த்து இறங்கிற்று. அன்றிரவு முழுதும் கணினி கணக்குப் போட்டது. மறுநாள் பாடசாலைச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினான். யாரும் பேசவில்லை. தகரக் கூரைகளின் மேல் வைத்த கற்கள்கூடத் தெரிந்தன. பீலித் தண்ணீர் வரும் குழாய், மாரியம்மன் கோயில், மயானம், பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் குறுக்குப் பாதை... மூதாட்டி எழுந்து போய் வேட்டியில் விரலை வைத்தார். "இது என் வாசல். இந்தா, நான் காயப்போட்ட கம்பளி."

ஏழு பேர்ச்சஸ் காணி என்று மலையகம் முழுதும் பல ஆண்டுகளாகப் பேசுகிறோமே, அது 177 சதுர மீற்றர். எங்களுடைய ஒரே ஒரு படத்துக்குள் அப்படிப்பட்ட நூற்றெட்டுக் காணிகள் அடங்கும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய சுவாமித்வா திட்டத்தில் ஆளில்லா விமானங்களைக் கொண்டே கிராமத்து வீட்டு நிலங்களை அளந்து உரிமை ஆவணம் கொடுக்கிறார்கள். படம் எடுத்தால் காணி வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை; அதற்கு வேறு மனங்கள் இளக வேண்டும். எல்லை எங்கே என்று தெரியவில்லை என்ற சாக்கு ஒன்றாவது போகும்.

படம் பார்த்து எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது மூதாட்டி மட்டும் வேட்டியை விட்டு நகரவில்லை. லயத்துக்கு மேலேயுள்ள மலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அந்த வெடிப்பக் காணோமே தம்பி."

"எந்த வெடிப்பு பாட்டி?"

"விறகுக்குப் போற வழியில. மழைக்கு அப்புறம் கால் உள்ள போகுது."

இளைஞனின் முகம் மாறிவிட்டது. பறவைக்குத் தெரிவது செடியின் தலை மட்டுமே. பறிக்கும் மட்டத்துக்கு வெட்டி வெட்டித் தட்டையாக்கிய தேயிலை, பச்சைப் பாய் விரித்தது போல மலையை மூடியிருக்கிறது. அதனடியிலே மண் என்ன செய்கிறது என்பதை எந்தக் கமராவும் காணாது. அந்த மண்ணை அறிந்தவை நாற்பது ஆண்டு அதன்மேல் ஏறி இறங்கிய அவருடைய பாதங்களே. அறுநூறு படங்களில் இல்லாத ஒன்றை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலிலேயே போனோம். அவர் முன்னே நடந்தார். செடிகளை விலக்கிக் காட்டிய இடத்தில் ஒரு சாண் அகலமான பிளவு, பிறை போல் வளைந்து, முப்பது அடி எடுத்து வைக்கும் தூரம் ஓடியது. அதற்குக் கீழே நேராக இரண்டு லயங்கள். அதன் இரு முனைகளையும் நடுவையும் நுண்கருவியால் அளந்து, படத்தின் மேல் சிவப்பு மையால் கோடு இட்டோம். பாட்டியைப் போன்றவர்கள் பின்னர் ஒவ்வொருவராக வந்தார்கள். அடைபட்டுப் போன பழைய கான், மழைக்கு மட்டும் ஊறும் ஊற்று, முன்பு ஒரு தரம் சரிந்து மூடிய இடம் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் கற்ற புவியியலை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

படத்தின் பிரதிகள் கிராம உத்தியோகத்தருக்கும் உரிய அலுவலகங்களுக்கும் போயின. அதிகாரிகள் வந்து பிளவைப் பார்த்தார்கள். கடும் மழை பெய்யும் இரவுகளில் அந்த இரண்டு லயங்களிலும் யாரும் தங்கக் கூடாது என்று எழுதித் தந்தார்கள். வேறிடத்தில் வீடு என்பது இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் கொடுத்து, மீந்த சுண்ணாம்பினால் கதவிலே எழுதிவிட்டார்கள். அது சட்டப்படியானதா என்று எனக்குத் தெரியாது. தபால்காரர் அதைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பிளவின் இரு கரையிலும் மூன்று சோடி முளைகளை அடித்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் மூதாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு போய், முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை முளைக்கு முளை பிடித்துப் பார்த்துவிட்டு வருகிறார். தென்மேல் பருவ மழை ஓய்ந்ததும் விமானத்தை மீண்டும் எழுப்பி, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்று இளைஞன் புதிய சிறகு அறுத்துக்கொண்டிருக்கிறான். சென்ற ஞாயிறு வரையில் முடிச்சு நகரவில்லை.